வலமாகவே நடந்தேன்

நாள் 9 | 07:10

இதை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் ஆவுடையப்பன், வயது ஐம்பத்தொன்று, ஊர் அம்பாசமுத்திரம். கம்ப்ரஸர் மெக்கானிக். விஞ்ஞானி இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

வேலை இதுதான். செவ்வாயில் நம் தளத்தில் பெர்பெத்துவா என்று ஒரு பெண் தனியாக இருக்கிறாள். மண் ஆராய்ச்சி செய்பவள், மணப்பாட்டுக்காரி. ஆக்ஸிஜன் பிரிக்கும் இயந்திரம் விரிசல் விட்டுவிட்டது. மாற்றுக் குப்பிகள் இருநூறு நாளுக்கு வரும். கப்பல் போய்ச் சேர நூற்றுத்தொண்ணூறு நாள். அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். கப்பலில் இடமும் ஒருவனுக்குத்தான்.

இறங்கு கலம் தளத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் இறங்கும். அங்கிருந்து நாற்பத்தைந்து கிலோப் பெட்டியை இழுத்துக்கொண்டு நான் நடக்க வேண்டும். என் இரண்டு முழங்காலும் பதினைந்து வருடமாகத் தகராறு. ஆகவே தினம் இரண்டு மணி நேரம் நடைப்பயிற்சி. ஒரு மணி முன்னோக்கி, ஒரு மணி பின்னோக்கி. இதற்குப் "பின்னடை" என்று பெயர் வைத்திருக்கிறார் பூமியில் இருக்கும் தரைத்தள மருத்துவர் நித்திலன்.

இன்று இரண்டும் முடிந்தது. கப்பல் நலம். எலுமிச்சை சாதம் என்று எழுதிய பையில் மஞ்சள் பசை இருந்தது.


நாள் 23 | 08:45

நடக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். கப்பலின் நடுக்கூட்டில் எடையே கிடையாது. அங்கேதான் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் மிதந்தபடி. அதைச் சுற்றி ஒரு பெரிய வளையம் சுழல்கிறது. அதன் உள்விளிம்பில் நின்றால் செவ்வாயில் நிற்கும் எடை வரும். நடை அங்கேதான். வளையத்துக்குள் இறங்கும் வாசலில் நின்று பார்த்தால் முழு வட்டமும் கடிகார முகம் மாதிரி தெரியும். நடுத்தூணில் பிள்ளையார் படம். கப்பலுக்குப் பூஜை போட்ட அன்று ஊழியர்கள் ஒட்டியது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து வடிகட்டியை அடைக்கிறது.

காற்றோட்டம் போதாது. நேற்றைய வேர்வை நாற்றம் இன்றும் அங்கேயே நிற்கிறது. பின்னோக்கி நடந்தால் அது முதுகில் வந்து மோதுகிறது. அந்த வேர்வையைத்தான் இயந்திரம் உறிஞ்சி, வடித்து, மறுநாள் குடிக்கக் கொடுக்கிறது. சுத்தமான தண்ணீர்தான், பரிசோதனை சொல்கிறது. எனக்குத் தெரியும் அது என்ன என்று.

உள்ளங்கால் தோல் உரிகிறது. மிதந்தே கிடப்பதால் காய்ப்பெல்லாம் கழன்று காலுறைக்குள் செதில் செதிலாக விழுகிறது. காலுறையைக் கழற்றினால் அவை பறந்து முகத்துக்கு வருகின்றன. கருமம்.


நாள் 44 | 10:00

முழங்கால் வலி இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. தரைத்தளத்துக்கு எழுதினேன். நித்திலனின் பதில்:

"சூப்பர் சார்! இதைத்தான் நான் சொன்னேன். பின்னாடி நடக்கும்போது முட்டிச் சில்லு மேல பாரம் கொறையுது, தொடை முன்சதை நல்லா வேலை செய்யுது, பேலன்ஸும் வருது. நீங்க ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்க. சிரிச்ச முகமா இருக்கட்டும்."

சிரித்த முகமாக அனுப்பினேன். என் முகம் அந்த வேலைக்கு ஆகாது. ஆனாலும் அனுப்பினேன்.


நாள் 71 | 09:30

பெர்பெத்துவாவின் வாராந்திரச் செய்தி:

"அண்ணாச்சி, குப்பி நூத்தி இருவத்தொம்பது இருக்கு. நான் நடமாட்டத்தைக் கொறச்சுட்டேன். கதவு மோட்டாரையும் நிப்பாட்டச் சொல்லிட்டாவ, கரண்டு மிச்சம் பண்ணணுமாம். வெளிக்கதவ இனிமே வெளியேருந்து கையால தொறந்தாத்தான் உண்டு. என் உடுப்புல இருந்த குப்பியையும் கழத்தி உள்ள வச்சுட்டேன். அதனால நான் வெளிய வர முடியாது. நீங்கதான் வரணும். கால் எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். அவள் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.


நாள் 88 | 11:15

நித்திலன் அனுப்பிய படங்கள் வந்தன. சென்னையிலும் கோவையிலும் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் பின்னோக்கி நடக்கிறார்கள். பனியனில் என் முகம். "ஆவுடையண்ணன் நடை" என்று பெயராம். ஓர் அம்மாள் மரத்தில் மோதிக் கீழே விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டு மறுபடி பின்னோக்கிப் போகிறாள்.

படங்களை அணைத்தேன். செவ்வாயில் ஒருத்தி மூச்சை அளந்து விட்டுக்கொண்டு கிடக்கிறாள். அவளைப் பற்றி அந்தப் பனியனில் ஒரு எழுத்து இல்லை.


நாள் 151 | 13:40

கழிவுத் தொட்டியின் குழாய் வளையத்துக்குள் ஒழுகிவிட்டது. நூற்றைம்பது நாள் சரக்கு. விளக்க மாட்டேன். இருபதடி நீளத்துக்கு நடைபாதை முழுதும். வாந்தி எடுத்தேன், அதையும் நான்தான் துடைக்க வேண்டும்.

வீடு துடைக்கிறவர்கள் செய்வது போல, துடைத்த இடத்தை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து துடைத்தேன். பத்தடி நகர்ந்திருக்க மாட்டேன். முழங்காலில் கத்தி இறங்கிய மாதிரி வலி. உடம்பே கனத்துப் போயிற்று. யாரோ தோளில் ஏறி உட்கார்ந்த கனம். நின்றால் சரியாகிவிடுகிறது. மறுபடி நகர்ந்தால் மறுபடி கனம்.

நாற்றத்தில் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். முடித்துவிட்டு யோசிக்கிறேன்.


நாள் 151 | 17:05

தலை சுற்றவில்லை. நான்தான் முட்டாள்.

நிதானமாக எழுதுகிறேன். வளையத்தின் விளிம்பு நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் எடை தருகிறது. ஓட்டத்துக்கு எதிராக நான் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் என் எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஓட்டத்தோடு சேர்ந்து நடந்தால் அதே அளவு கூடும். அதனால்தான் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே பக்கம் முகம் வைத்துக்கொண்டு, முன்னோக்கி ஒரு மணி: இலகு, உடம்பைச் சூடேற்ற. அப்படியே பின்னோக்கி ஒரு மணி: கனம், எலும்புக்கு. எலும்பு கனத்தைப் பார்த்தால்தான் கெட்டியாக இருக்கும்.

நான் என்ன செய்தேன்? நடுவில் பிள்ளையார் இருக்கிறார். வாசலில் இருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசைதான் வலம். முதல் நாளே வலமாக, அதாவது வளைய ஓட்டத்துக்கு எதிராக, நடந்தேன். பின்னோக்கி நடக்கச் சொன்னபோது, அப்படியே பின்னால் போனால் இடமாகச் சுற்ற வேண்டி வரும். பிள்ளையாரை யார் இடமாகச் சுற்றுவார்கள்? இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில். ஆகவே உடம்பைத் திருப்பிக்கொண்டு, முதுகை முன்னே விட்டு, மறுபடியும் வலமாகவே நடந்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. எனக்கு அப்படி ஒன்றும் பக்தி கிடையாது. வெள்ளிக்கிழமைகூடக் கோயிலுக்குப் போகாதவன். கால் தானாகத் திரும்பிற்று, அவ்வளவுதான். தரையில் பழகியபோதும் எல்லோரும் அப்படித்தான் சுற்றினோம். அங்கே வளையம் சுழலவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

நூற்றைம்பது நாள். முன்னோக்கியும் வலம், பின்னோக்கியும் வலம். இரண்டும் இலகு. இன்று துடைத்தபோதுதான் முதல் தடவையாக இடமாக நகர்ந்தேன். வலி போனது பின்னடையால் இல்லை. முழங்கால் மேல் எடையே இல்லாததால் போனது. சிரித்த முகமாக வீடியோ வேறு அனுப்பினேன். தூ.


நாள் 152 | 09:20

நித்திலனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில்:

"சார், பதறாதீங்க. உங்க ஷூவுல இருக்கற எடைக் கருவி ரெண்டாவது வாரத்துலேயே கம்மியாத்தான் காட்டுச்சு. நாங்க கருவிதான் தப்புன்னு நெனச்சு இங்க கூட்டிப் போட்டுக்கிட்டோம். ஏன்னா நீங்க வலி இல்லன்னு சொன்னீங்க, ரிசல்ட்டும் நல்லா வந்துச்சு. இப்ப இத வெளிய சொல்ல வேணாம் சார். நீங்க இறங்குற அன்னிக்குப் பின்னடை நாள்னு அறிவிச்சிருக்கோம். பின்னடை தப்பில்லையே சார், திசைதானே தப்பு. அங்க இருக்கற மேடம்கிட்டயும் சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சுருவாங்க."

பின்னடை தப்பில்லைதான். அந்தப் பூங்கா அம்மாளின் முழங்காலுக்கு அது நல்லதே செய்யும். என் கோபம் அதன்மேல் இல்லை. எண் தனக்குப் பிடித்த மாதிரி வராதபோது எண்ணைத் திருத்தினானே, அந்தக் கைமேல்தான். வலி இல்லை என்றதும் வேறு எதுவும் கேட்காமல் வாயைப் பிளந்து சிரித்தேனே, அந்த வாய்மேலும்தான்.


நாள் 153 | 08:00

இன்று முதல் இடமாகச் சுற்றுகிறேன். முப்பது கிலோ எடைச் சட்டையோடு. இருபது நிமிடம் தாங்கினேன். வலது முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

பிள்ளையாரைப் பார்க்காமல் நடந்தேன்.


நாள் 160 | 10:30

நாளுக்கு நாற்பது நிமிடம். அதற்கு மேல் போனால் மறுநாள் நிற்கவே முடிவதில்லை. ஐந்து மாதத்தில் கரைந்த எலும்பு ஐந்து வாரத்தில் ஊறாது. எனக்கே தெரிகிறது.

தொடை இரண்டும் சூம்பிவிட்டன. கையால் பிடித்தால் தோல் தனியாக, உள்ளே கோல் தனியாக ஆடுகிறது. பார்க்கவே அருவருப்பு. துணி போட்டு மூடிக்கொண்டு உட்காருகிறேன்.


நாள் 166 | 09:00

பெர்பெத்துவாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். வலம், இடம், கூட்டிப் போட்ட எண், எல்லாம். அவள் மூச்சு என் காலில் இருக்கிறது. அதை அவளிடம் மறைக்க நித்திலன் யார், நான் யார்?

அவள் பதில்:

"அண்ணாச்சி, நல்லா ஏசணும்னு வருது. ஏசக் காத்து இல்ல. நாங்க மட்டும் என்ன, மணப்பாட்டுல கோயில் சப்பரம் போற வழிய மாத்துனா வெட்டுக்குத்தே நடக்கும். ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. அந்த டாக்டர நான் பாத்துக்கிடுதேன், மொதல்ல ஊருக்கு வந்து சேந்துக்கிடுதேன். நீங்க இடமா நடங்க. எனக்காவ நடங்க."

நாற்பத்தைந்து நிமிடம் நடந்தேன்.


நாள் 184 | 11:50

கால் தேறவில்லை. ஐம்பது நிமிடம் வரை வந்தது, பிறகு இடுப்பில் புதிதாக ஒரு குத்தல். மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

அவளுடைய குப்பிகளில் பத்து ஓட்டை. கணக்கு இப்போது இருநூறு நாளுக்கு இல்லை. நூற்றுத்தொண்ணூறாம் நாள் மாலை வரைக்கும்தான். கணக்கைச் சொன்னபோது அவள் குரலில் ஒன்றும் இல்லை. மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பவள் மாதிரி வாசித்தாள்.

காலையில் இறங்கிவிடுவேன். அறுநூற்றுச் சொச்சம் மீட்டர். நல்ல காலாக இருந்தால் அரை மணி நேர வேலை.


நாள் 190 | 10:05

இறங்கியாயிற்று. தளம் கண்ணுக்குத் தெரிகிறது. அளவுமானி 620 மீட்டர் காட்டுகிறது. இனி எழுத முடியாது. உடுப்புக்குள் பேசுவது பதிவாகும்.


நாள் 190 | 10:50

வெளியே வந்துவிட்டேன். நிற்கிறேன். பெட்டி சறுக்குப் பலகையில், கயிறு இடுப்பில். பெர்பெத்துவா ஜன்னலில் நிற்கிறாளாம்.

"தெரியுதீங்க அண்ணாச்சி! வெள்ளையா ஒரு புள்ளி. மெதுவா வாங்க. ஓட வேண்டாம்."

ஓடுவதாம்.


நாள் 190 | 11:14

210 மீட்டர் வந்தபோது ஒரு கல். ஒரு சாண் உயரம் இருக்கும். ஏறி, இறங்கினேன். இறங்கிய காலில் சத்தம் கேட்டது. காதில் இல்லை, உடம்புக்குள் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.

இடது தொடை. கீழே கிடக்கிறேன். உடுப்பு கிழியவில்லை. கால் பாதம் இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.


நாள் 190 | 11:40

எழ முடியவில்லை. தவழ முடியவில்லை, முன்னால் தவழ்ந்தால் முறிந்த கால் கல்லில் இடித்து உயிர் போகிறது. உட்கார்ந்து, கை இரண்டையும் பின்னால் ஊன்றி, வலது குதிகாலால் தள்ளினால் பின்பக்கமாக ஓர் அடி நகர்கிறேன். பிறகு பெட்டியை இழுக்க வேண்டும். பிறகு இன்னோர் அடி.

இந்த உடுப்பில் தலையைத் திருப்ப முடியாது. போகிற இடம் எனக்குத் தெரியாது. விட்டுவந்த கலம்தான் தெரிகிறது. அவள்தான் வழி சொல்கிறாள்.

"கொஞ்சம் ஒங்க சோத்தாங்கைப் பக்கம். அந்தா, போதும். நேரா வாங்க. பின்னால குழி ஒண்ணும் இல்ல."


நாள் 190 | 14:30

230 மீட்டர் பாக்கி. உடுப்புக்குள் மூத்திரம் போய்விட்டது. பை நிரம்பி முதுகு வரை நனைந்து, சூடாக இருந்து இப்போது குளிர்கிறது. முகக் கண்ணாடியில் என் எச்சில். ஐம்பத்தொரு வயதில் குழந்தைபோல் உட்கார்ந்து நகர்கிறேன். சீ. நகரட்டும்.

"அண்ணாச்சி, பேசிட்டே வாங்க. நான் பேசல. கேட்டுக்கிட்டு இருக்கேன். வழி தப்புனா மட்டும் சொல்லுதேன்."


நாள் 190 | 16:55

90 மீட்டர். அவள் ஜன்னலில் நிற்கவில்லையாம், உட்கார்ந்துவிட்டாளாம். வழி தெரிகிறதா என்று கேட்டேன்.

"நேராத்தான் வாறீங்க."

பார்த்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா, தெரியவில்லை.


நாள் 190 | 17:48

முதுகு இரும்பில் முட்டியது. வந்துவிட்டேன். தளத்தின் கால்தூண். சத்தம் போட்டு அழுதுவிட்டேன், பதிவில் இருக்கும்.

அவள் ரேடியோவில் பதில் சொல்லவில்லை. ஆனால் ஹெல்மெட் தூணில் பட்டபோது தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து தரையைத் தட்டுகிறாள். இரும்பு வழியாக வருகிறது. மூன்று தட்டு. நானும் மூன்று தட்டினேன். திரும்ப மூன்று.

அண்ணாந்து பார்த்தேன். ஏணி. புழுதிக்காகத் தளத்தை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள். கதவு மேலே இருக்கிறது. ஏழு படி. பூமியில் இதே மாதிரி ஏணியில் நூறு தடவை ஏறிப் பழகியிருக்கிறேன். காலையிலிருந்து ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.


நாள் 190 | 17:59

பூமியிலிருந்து பொதுச்செய்தி, நித்திலன் குரல். கால் முறிந்ததை நான் அங்கே சொல்லவில்லை. பதினாறு நிமிடத்துக்கு முன் கிளம்பியது:

"ஆவுடை சார், வணக்கம்! நீங்க இறங்கின சந்தோஷத்துல கடற்கரையில பன்னண்டாயிரம் பேர் பின்னாடி நடந்துக்கிட்டு இருக்காங்க சார்! எல்லாரும் உங்க பேரச் சொல்றாங்க. கேக்குதா? உங்க கால் எப்படி இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார், நேரலையில இருக்கோம்!"

பின்னால் கைதட்டல் கேட்டது. சொன்னேன். இரண்டு வார்த்தைதான். நேரலையில் போட முடியாத வார்த்தைகள். பிறகு அந்த அலைவரிசையை அணைத்துவிட்டேன்.


நாள் 190 | 18:10

முதல் படி. இரண்டு கையாலும். பெட்டி கயிற்றில் தொங்குகிறது.

மூன்று தட்டு கேட்டது.


நாள் 190 | 18:22

இரண்டாம் படி. முறிந்த கால் ஏணியில் சிக்கிக்கொண்டது. நானே எடுத்து வெளியே விட்டேன். வாந்தி ஹெல்மெட்டுக்குள். விழுங்கிவிட்டேன்.

இரண்டு தட்டு.


நாள் 190 | 18:31

மூன்று. கை விரல் உணர்ச்சி இல்லை. பெர்பெத்தா, கேட்கிறதா. மூன்றாம் படியில் இருக்கிறேன். எழுந்திருக்காதே, பேசாதே, சும்மா தட்டு.

ஒரு தட்டு.


நாள் 190 | 18:43

நான்கு. ஹெல்மெட்டை இரும்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டேன்.

இனி வைத்துக் கேட்க மாட்டேன். மூன்று படி பாக்கி.